அரைப் பவுன் மானம்

நிச்சயதார்த்த மோதிரத்துக்குக் கடன் வாங்கக் கூடாது. இதைச் சொல்ல ஒரு கட்டுரையா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். இருக்கட்டும். நிலம், இட ஒதுக்கீடு, இரட்டைக் குவளை என்று பக்கம் பக்கமாக எழுதுகிற நாம், நம்ம வீட்டில் ஒரு நிச்சயம் வந்தால் அரைப் பவுனுக்காக யார் வீட்டுத் திண்ணையில் போய்க் கைகட்டி நிற்கிறோம் என்பதை எழுதுவதில்லை. அது பொம்பளைங்க சமாச்சாரம், குடும்ப விவகாரம், அரசியலுக்கு வெளியே என்று ஒதுக்கிவிட்டோம். ஒதுக்கி வைத்த அந்த இடத்தில்தான் வட்டிக்காரன் பாய் விரித்துப் படுத்திருக்கிறான்.

தென்காசிப் பக்கத்து ஆட்களுக்குக் கடன் என்றால் என்ன என்று யாரும் பாடம் நடத்த வேண்டாம். 2017 அக்டோபர் 23ஆம் தேதி திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் ஒரு கூலித் தொழிலாளியும் அவர் மனைவியும் இரண்டு சின்னப் பெண் பிள்ளைகளும் தீயில் எரிந்தார்கள். அவர்கள் ஊர் காசிதர்மம். இன்று தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. அப்போது திருநெல்வேலி மாவட்டம். கந்துவட்டிக் கொடுமை என்று திரும்பத் திரும்ப மனுக் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் அந்த வாசலுக்கு வந்தார்கள். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லித் தடை செய்த தமிழ்நாட்டுச் சட்டம் 2003லேயே வந்துவிட்டது. சட்டம் பிறந்து 14 வருஷம் கழித்து இது நடந்தது. அடுத்த மாதம், இதைக் கார்ட்டூனாக வரைந்த பாலாவைப் போலீஸ் கைது செய்தது. அந்தக் குடும்பம் எதற்காகக் கடன் வாங்கியது என்பதல்ல என் பேச்சு. வட்டிக்காரன் எதற்கு என்று கேட்பதில்லை. மருந்துக்கு வாங்கினாலும் மோதிரத்துக்கு வாங்கினாலும் அவனுக்கு ஒரே கணக்கு. கேட்க வேண்டியது நாம்தான்.

எங்க வீட்டுக் கதையைச் சொல்லுதேன். எங்க அக்காவுக்கு 1994இல் நிச்சயம். மாப்பிள்ளைக்கு அரைப் பவுன் மோதிரம் என்று பேச்சு. அம்மா பீடி சுத்திய காசு சேலைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாப் போச்சு. இலை வெட்டி, தூள் போட்டு, சுத்தி, முனை மடக்கி, கட்டுக் கட்டிக் கொண்டுபோனால் பீடிக்கடையில் கழிவு என்று ஒரு கை அள்ளி எறிவான், மிச்சத்துக்குத்தான் கூலி. அதில் எங்கேயிருந்து பவுன்? ஐயா, தான் கூலிக்குப் போகிற வயலின் சொந்தக்காரரிடமே போய்க் கேட்டார். அவர் மறுக்கவில்லை. மறுப்பாரா? "ஒம் மவளுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன்" என்றாராம். நூற்றுக்கு அஞ்சு வட்டி. வட்டியைப் பணமாகத் தர முடியாததால் நடவுக்கும் அறுப்புக்கும் ஐயா முதல் ஆளாக அங்கே நிற்கணும். கூலி பேசக் கூடாது. பக்கத்து வயலில் கூலி கூட என்றாலும் போகக் கூடாது. இப்படி மூணு வருஷம்.

அந்த மோதிரத்தை அத்தான் விரலில் நான் பார்த்தது நிச்சயத்தன்றும் கல்யாணத்தன்றும்தான். அக்காவின் முதல் பிரசவச் செலவுக்கு அடகுக்கடைக்குப் போனது, அப்படியே மூழ்கிப்போச்சு. மோதிரம் போன பிறகும் எங்க ஐயா அந்த மோதிரத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தார்.

கடனுக்காக ஒருவர் வேறு இடத்தில் வேலை தேடும் சுதந்திரத்தை இழந்தால் அதற்குப் பெயர் கொத்தடிமை. 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. எங்க ஐயா தன்னைக் கொத்தடிமை என்று ஒருநாளும் நினைத்ததில்லை. மகள் நிச்சயத்தை நாலு பேர் மெச்ச நடத்திய தகப்பன் என்றே நினைத்தார். மோதிரத்தின் மகிமை அதுதான். போட்டவனுக்கும் தெரியாது, போடப்பட்டவனுக்கும் தெரியாது.

இப்போது அந்த அக்காவின் மகளுக்கு நிச்சயம் வந்தது. பையன் எலக்ட்ரீசியன், செங்கோட்டையில் ரயில் ஏறிப் புனலூர், கொல்லம் என்று வேலைக்குப் போய் வருகிறவன். அவனாக ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது எங்க அக்கா. "எம் புருசனுக்கு எங்க ஐயா அரைப் பவுன் போட்டாரு. எம் மருமவனுக்கு நான் போட வேண்டாமா? சம்பந்திமார் முன்னால நான் எப்பிடி நிப்பேன்?" எந்த மோதிரத்தால் எங்க ஐயாவின் முதுகு வளைந்ததோ அதே மோதிரம் வேணும் என்கிறாள். கோபம் வந்தது. ஆனால் அவள் கேட்டதில் ஒரு நியாயமும் இருக்கிறது. அதைத் தள்ளிவிட்டுப் பேசினால் நம்ம பேச்சு சபையில் எடுபடாது.

நியாயம் இதுதான். தங்கம் நமக்குத் தடை செய்யப்பட்ட பொருள். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. ஹட்டன் என்ற ஆங்கில அதிகாரி தன் சாதி பற்றிய நூலில் அந்தப் பட்டியலை அப்படியே பதிந்து வைத்திருக்கிறார். அதில் முதல் தடை, பொன் நகையும் வெள்ளி நகையும் போடக் கூடாது. பிறகுதான் முழங்காலுக்குக் கீழே துணி, சட்டை, குடை, செருப்பு, பெண்களின் மேலாடை, பூ எல்லாம். எங்க பக்கத்து ஊர்களில் எழுதி ஒட்டாமலே இதெல்லாம் நடைமுறை. காந்தி 1921இல் மதுரையில் மேலாடையைக் களைந்தது விரதம். எங்க தாத்தாவுக்கு அது கட்டளை.

மலைக்கு அந்தப் பக்கம் வேறு மாதிரி. செங்கோட்டை 1956 வரைக்கும் திருவிதாங்கூரோடும் அதன் வாரிசான திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த பூமி. அந்தத் திருவிதாங்கூரில் புலையர் பெண்கள் கல்லும் கண்ணாடியும் கோர்த்த மாலையைக் கழுத்தில் போட்டே ஆகணும், அது சாதி அடையாளம். 1915இல் அய்யன்காளி சொல்லி, கொல்லத்துக்குப் பக்கத்தில் பெரிநாட்டில் கிளம்பிய போராட்டத்தில் பெண்கள் அந்தக் கல்மாலைகளை அறுத்துப் போட்டார்கள். எங்க வீட்டு மாப்பிள்ளைப் பையன் வேலைக்குப் போகிற அதே சீமைதான். ஒரு பக்கம் போடாதே என்று கட்டளை, இன்னொரு பக்கம் போடு என்று கட்டளை. இரண்டிலும் நம்ம கழுத்துக்கும் விரலுக்கும் எசமான் வேறொருத்தன்.

அம்பேத்கர் இதைப் பிடித்தார். 1927 டிசம்பரில் மகாட் மாநாட்டில் பெண்களிடம் பேசும்போது, தீண்டப்படாதவர் என்று காட்டிக்கொடுக்கிற வெள்ளி முதலான நகைகளை விட்டொழியுங்கள், போட்டால் பொன் போடுங்கள், இல்லையென்றால் ஒன்றுமே போடாதீர்கள் என்ற பொருளில் சொன்னார். 1942 ஜூலையில் நாகபுரிப் பெண்கள் மாநாட்டில், பொருளாதாரத் தெம்பு வரும்வரை பிள்ளைகள் மேல் கல்யாணச் சுமையை ஏற்றாதீர்கள் என்றார். இரண்டையும் சேர்த்துப் படிக்கணும். நம்மில் பலபேர் முதல் பேச்சின் முதல் பாதியோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

அப்படி மூடிய தோழர் ஒருத்தர் தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் என்னிடம் சண்டைக்கு வந்தார். "எளிமையா இருங்கன்னு நமக்குச் சொல்லுதது பார்ப்பனிய உபதேசம். போட விடாதவன் முன்னால போட்டுக் காட்டணும். அதுதான் கலகம்." நல்ல பேச்சு. பாதி சரி. சொந்தக் காசில் பத்து விரலுக்கும் மோதிரம் போட்டுக்கொண்டு தேரோடும் ரதவீதியில் நடங்கள், நான் பின்னாலேயே குலவை போட்டு வருகிறேன். ஆனால் கடனுக்கு வாங்கிப் போடுகிற மோதிரம் யாருடைய கலகம்? அன்றைக்குப் போடாதே என்றவன் இன்றைக்கு அடகுக்கடை வைத்திருக்கிறான், ஃபைனான்ஸ் வைத்திருக்கிறான், கல்யாண மண்டபம் வைத்திருக்கிறான். நீ போடப் போட அவனுக்கு லாபம். போடு தம்பி, நல்லாப் போடு என்று அவனே சொல்லுதான். எதிரி கைதட்டுகிற கலகம் என்ன கலகம் தோழர்?

ராமநாதபுரம் கதை 1930ஓடு முடியவில்லை. 1931 ஜூனில் தடைகள் பதினொன்றாயின. அந்தப் பட்டியலைத்தான் நம்ம வீட்டுச் சுவரில் எழுதி வைக்கணும். இரண்டாவது தடை தங்க நகை. நாலாவது தடை, பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது. எட்டாவது, சொந்த நிலத்தை மிராசுதாருக்கு மலிவு விலைக்கு விற்றுவிட வேண்டும். பொன், எழுத்து, மண், மூன்றையும் ஒரே மூச்சில் மறுத்தார்கள். இந்த மூன்றில் எது நமக்குச் சுலபமாகத் திரும்பக் கிடைத்தது என்று யோசித்துப் பாருங்கள். நிலம் கேட்டால் போலீஸ் வருகிறது. படிப்பு கேட்டால் தகுதி, திறமை என்கிறான். மோதிரம் கேட்டால் மட்டும் கடைக்காரன் குளிர்ந்த தண்ணீர் கொடுத்து உட்காரச் சொல்லுதான்.

கணக்கைப் பார்ப்போம். 2025 ஜனவரியில் ஒரு பவுன் 60,000 ரூபாயைத் தாண்டியது. அக்டோபரில் 90,000த்தைத் தாண்டியது. நாங்க பஜாருக்குப் போனது அந்த அக்டோபரில். பவுன் 90,000 என்றால் அரைப் பவுன், அதாவது 4 கிராம், 45,000. செய்கூலி சேதாரம் நூற்றுக்கு 15 என்று வைத்தால் 51,750. அதன்மேல் ஜி.எஸ்.டி. 3 சதவீதம். ஆக 53,300 ரூபாய். 2025-26க்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி நாளுக்கு 336. நூறு நாளும் முழுசாகக் கிடைத்தாலே 33,600தான். ஒருத்தி ஒன்றரை வருஷத்து நூறு நாள் கூலியை ஒரு பைசா தொடாமல் வைத்தாலும் அரைப் பவுன் மோதிரத்துக்குக் காணாது. இதையே அஞ்சு வட்டிக்கு வாங்கினால் மாதம் 2,665 ரூபாய் வட்டி மட்டும். இருபது மாதத்தில் வட்டியே இன்னொரு மோதிரமாகிவிடும், முதல் அப்படியே நிற்கும். இதே மோதிரத்தை மறுநாள் விற்கப் போனால் செய்கூலி, சேதாரம், வரி மூன்றும் காற்றில் போயிருக்கும். கல் வைத்திருந்தால் கல்லின் எடையையும் கழித்துக்கொள்வான்.

இந்தச் சேதாரம் என்ற சொல்லையே கொஞ்சம் உரசிப் பார்க்கணும். ஆசாரி உலையில் உருக்கி, கையால் தட்டி, அரத்தால் ராவிச் செய்த காலத்தில் பொடி உதிர்ந்தது. அதற்குச் சேதாரம் என்று கொடுத்தார்கள். இன்று பெரும்பாலும் அச்சில் வார்த்து மெஷினில் வருகிறது. உலைமுன் உட்கார்ந்த ஆசாரியும் போய்விட்டார், உதிர்ந்த பொடியும் போய்விட்டது. சேதாரம் மட்டும் நிற்கிறது.

அக்காவைச் சமாதானப்படுத்த, இரண்டு கிராமுக்குள் ஏதாவது உண்டா என்று ஒரு கடையில் கேட்டோம். "அதெல்லாம் சின்னப் புள்ளைங்க மோதிரம்மா" என்றான் விற்பனைப் பையன். பழையது போடுகிறோமா, சீட்டுப் போட்டிருக்கிறோமா என்று எங்க சேலையைப் பார்த்தபடியே கேட்டான். ஒரு சன்ன மோதிரத்தை எடுத்து, முத்திரை எங்கே என்றேன். இரண்டு கிராமுக்குக் கீழே கட்டாயமில்லை என்றான். உண்மைதான். 2021 ஜூனிலிருந்து ஹால்மார்க் கட்டாயம், 2023 ஏப்ரலிலிருந்து ஆறு எழுத்து-எண் கொண்ட அடையாளம் ஒவ்வொரு நகைக்கும் கட்டாயம் என்றெல்லாம் அரசாங்கம் விளம்பரம் செய்தது. அந்த உத்தரவிலேயே இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு விலக்கு. அரைப் பவுன் வாங்குகிறவனுக்குச் சுத்தத்தின் சாட்சி உண்டு; ஒன்றரை கிராம் வாங்குகிற பீடிக்காரி கடைக்காரன் முகத்தைப் பார்த்து நம்பிக்கொள்ளணும். எவனும் திட்டம் போட்டு நம்மை ஏமாற்ற எழுதியிருக்க மாட்டான். நம்ம விரல் அவன் கண்ணில் படவே இல்லை, அவ்வளவுதான். வாங்கித்தான் தீருவேன் என்கிறவர்கள் தங்கத்தின் எடை, சேதாரம், வரி எல்லாம் தனித்தனியாகப் போட்ட பில் கேளுங்கள். கல் வேண்டாம். முத்திரையோடு குறைந்த காரட்டில் கேளுங்கள். 18, 14 காரட்டோடு 2025இல் 9 காரட்டையும் முத்திரைப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். காரட் குறைந்தால் மானம் குறையாது.

சீட்டு நல்லதுதானே, அது கடன் இல்லையே என்று அக்கா கேட்டாள். பதினோரு மாதம் நாம் கட்டுகிறோம், கடைக்காரன் அந்தப் பணத்தை வைத்துத் தொழில் செய்கிறான், கடைசியில் ஒரு மாதத் தவணையையோ சேதாரத்தையோ விட்டுக்கொடுக்கிறான். அதாவது கடன் கொடுப்பது நாம். ஈடு இல்லாமல் கொடுக்கிறோம். 2023இல் திருச்சியில் தலைமைக் கடை வைத்துப் பல ஊரில் கிளை பரப்பிய ஒரு நகைக்கடை இப்படிச் சேர்த்த பணத்தோடு கதவைச் சாத்தியதைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். உண்டியல் போஸ்ட் ஆபீஸில் இருக்கட்டும்.

அரசாங்கத்துக்கே ஒரு கட்டத்தில் புத்தி வந்தது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டம் 1989இல் வந்தது. 2011இல் தாலிக்கு 4 கிராம் தங்கம் சேர்த்தார்கள், 2016இல் 8 கிராம் ஆக்கினார்கள். 2022இல் அந்தத் திட்டத்தை மாற்றி, அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேற்படிப்புப் போகிற பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்றார்கள். தங்கம் போச்சே என்று எங்க தெருவில் அழுதவர்கள் உண்டு. நான் அழவில்லை. 1931 பட்டியலில் இரண்டாவது தடையிலிருந்து நாலாவது தடைக்கு நகர்ந்திருக்கிறார்கள்.

கடைசியில் எங்க மகள்தான் முடிவு சொன்னாள். கையில் அவள் சேர்த்தது 12,000. பி.எட். சேரப் பணம் கட்ட வேண்டிய நேரமும் அதுதான். "சித்தி, ரெண்டு பேருக்கும் வெள்ளி மோதிரம் எடுப்போம். மிச்சத்த காலேஜ்ல கட்டுதேன்." 925 முத்திரை போட்ட இரண்டு வெள்ளி மோதிரம், பில்லோடு, மூவாயிரத்துக்குள் முடிந்தது. பையனிடம் போனில் சொன்னாள். அவன் தன் மோதிரத்துக்கு உள்ள பாதிக் காசை அனுப்பிவிட்டான்.

எங்க மாமாதான் குதித்தார். "வெள்ளியா? வெள்ளி கால்ல போடுததுல்லா! கையில போட்டா சனம் சிரிக்கும்." மாமா சொன்னதை எல்லோரும் கவனிக்கணும். இடுப்புக்கு மேலே பொன், இடுப்புக்குக் கீழே வெள்ளி. பொன் லட்சுமி, காலில் படக் கூடாது. உலோகத்துக்கும் வருணம் வகுத்திருக்கிறார்கள். தலையில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்று மனிதனைப் பிரித்த அதே புத்தி கொலுசையும் மோதிரத்தையும் பிரித்து வைத்திருக்கிறது. அந்த உடம்பில் காலாகக்கூட இடம் கொடுக்காமல் வெளியே நிறுத்தப்பட்டவர்கள் நாம். நமக்கு எதற்கு இந்தப் பிரிவினை? மாமாவிடம் இதையெல்லாம் இப்படிச் சொல்லவில்லை. "மாமா, ஐயா மூணு வருஷம் அங்க மாடா உழைச்சாருல்லா, அப்போ சனம் சிரிக்கலையா?" என்று மட்டும் கேட்டேன். வெற்றிலையை மடித்தபடி சும்மா இருந்தார். பிறகு, "உங்க ஆச்சிக்கெல்லாம் ஏது மோதிரம். பரிசம் போட்டாங்க. மாப்பிள்ள வீட்டுக்காரந்தான் குடுத்தான்" என்றார் தானாகவே.

அதுவும் பேச வேண்டிய கதை. எங்க ஆச்சி காலத்தில் வெற்றிலை பாக்கு, பூ, சேலை, பரிசப் பணம். பணம் பையன் வீட்டிலிருந்து வரும். வயலில் சம்பாதிக்கிற பெண்ணை அனுப்புகிற வீட்டுக்கு அது ஈடு. பெண்ணுக்கு விலையா என்று அதையும் விமர்சிக்கலாம். ஆனால் பெண்ணைப் பெற்றதற்காக யாரும் கடனாளி ஆகவில்லை. மேலத்தெருவைப் பார்த்துப் பரிசத்தை விட்டோம், வரதட்சணையைப் பிடித்தோம். சினிமாவைப் பார்த்து மோதிரம் மாற்றினோம். வீட்டுக்கு நாலு பேர் படித்து வேலைக்குப் போன பிறகுதான் இந்த வியாதி நம்ம தெருவில் முற்றியது என்பதைப் படித்தவர்கள் கவனிக்க வேண்டும்.

மோதிரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம்ம மாநிலத்துச் சட்டத்தில் மோதிரத்துக்குப் பெரிய இடம் இருக்கிறது. அண்ணா ஆட்சியில் 1967இல் நிறைவேறி 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சுயமரியாதைத் திருமணச் சட்டம், அதாவது இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவு, என்ன சொல்கிறது? உறவினர், நண்பர்கள் முன்னால் இருவரும் கணவன் மனைவியாக ஏற்கிறோம் என்று சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றினால் போதும். அல்லது ஒருவர் விரலில் ஒருவர் மோதிரம் போட்டால் போதும். அல்லது தாலி கட்டினால் போதும். எந்த விரலிலும் போடலாம். பொன் மோதிரம் என்று ஒரு வார்த்தை அதில் கிடையாது. ஐயர் வேண்டாம், அக்கினி வேண்டாம். வழக்கறிஞர்கள் முன்னாலும் இத்தகைய திருமணம் செல்லும் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இத்தனை பெரிய உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கு எத்தனை கிராம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். பெரியார் இயக்கத்தார் பயிற்சி முகாம் நடத்துகிற குற்றாலம் எங்களுக்குக் கூப்பிடு தூரம். முகாமுக்குப் போய்வந்த அண்ணாச்சிமார் வீட்டு நிச்சயத்திலும் அரைப் பவுனுக்குக் குறைந்து நான் பார்த்ததில்லை. இதைச் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். கோபிக்கட்டும்.

நிச்சயத்தை மண்டபத்தில் வைக்கவில்லை. வீட்டு வாசலில் நாற்பது பேர் உட்கார இடமில்லை. இரண்டு வேன் பிடித்து ஐந்தருவிப் பக்கம் போனோம். புளியோதரையும் துவையலும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போனது. அருவியில் குளித்து ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்து, வெற்றிலைத் தட்டு மாற்றி, பிள்ளைகள் இரண்டு பேரும் மோதிரம் போட்டுக்கொண்டார்கள். வெற்றிலைத் தட்டிலிருந்த வாழைப்பழச் சீப்பைக் குரங்கு தூக்கிக்கொண்டு ஓடியதுதான் அன்றைக்கு எங்களுக்கு ஏற்பட்ட ஒரே சேதாரம். சம்பந்தியம்மா மோதிரத்தைத் திருப்பிப் பார்த்தாள். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். "எனக்கும் பீடிதான் மதினி, இதுக்கு மேல என்ன" என்று அக்காவிடம் சொன்னாள். அக்காவின் முகம் அப்போதும் தெளியவில்லை.

படிப்பு முடிந்ததும் கல்யாணம். 7ஏ பிரிவில்தான் என்று பிள்ளைகள் இரண்டு பேரும் சொல்லிவிட்டார்கள். தாலியாவது பொன்னில் இருக்கணும் என்று அக்கா இப்பவே ஆரம்பித்துவிட்டாள். தாலியே எதற்கு என்று நான் கேட்டிருக்கிறேன். இரண்டு வாரமாக என்னோடு பேசவில்லை.